முன்னொட்டு வாரியம்

ஐந்து லிட்டர் நானூறு மில்லி. ஒரு மனிதன் ஒரே மூச்சில் இவ்வளவு காற்றை ஊதித் தள்ளினான் என்று 2006ஆம் வருஷத்துப் பதிவேட்டில் நீல மையில் எழுதியிருக்கிறது. பெயர் குப்பன், தொப்பி எண் 114. எழுதிய கை என்னுடையது. அந்தக் கையால்தான் இன்றுவரை சோறு தின்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷாகிர், ஊர் பழவேற்காடு. மருந்தாளுநர் டிப்ளமா படித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையின் முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆலையின் பெயர் எதற்கு, விடுங்கள். விரல் நசுங்கி வந்தால் கட்டுப் போடுவேன், தலைவலி என்று வந்தால் மாத்திரை கொடுப்பேன், இருமலோடு வந்தால் அதே மாத்திரையைக் கொடுப்பேன். தொழிலாளிகள் என்னை 'பாய்' என்பார்கள். லீவுச் சீட்டு வேண்டிய நாளில் 'டாக்டர் பாய்' என்பார்கள்.

குப்பன் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். ஏரியில் மீன் குறைந்ததும் ஆலைக்கு வந்தவர். மண் பிரிவில் வேலை. இரும்பை ஊற்றி ஆறவைத்த மண் அச்சை உடைப்பது, வார்ப்பில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டி உதிர்ப்பது, காலை எட்டு மணி முதல் இதே தட்டல்தான். அங்கே பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் 'இது கோவிந்தன், இது குப்பன்' என்று ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

2002ஆம் வருஷம், தரச் சான்றிதழ் வாங்குவதற்காக ஆலைக்கு ஊதுற மிஷின் வந்தது. குழாயில் வாயை வைத்து உயிரைக் கொடுத்து ஊதினால் எத்தனை லிட்டர் என்று காட்டும். வருஷத்தில் ஒரு நாள், அக்டோபரில். முதல் வருஷம் எல்லாரும் நாணயமாகத் தங்கள் மூச்சைத் தாங்களே ஊதினார்கள். குறைவாக ஊதிய நான்கு பேருக்கு மறுநாள் காலை கேட் பாஸ் கிடைக்கவில்லை. "உடம்பு தேறட்டும், ரெஸ்ட் எடுங்க" என்றார் காண்ட்ராக்டர். அந்த நான்கு பேரும் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறார்கள். குப்பன் மூன்று லிட்டர் இருநூறு ஊதி மயிரிழையில் தப்பித்தார்.

அடுத்த அக்டோபருக்கு முந்தின நாள் முனுசாமி என் அறைக்கு வந்தான். குப்பனின் ஊர்க்காரன், சரக்கு ஏற்றும் பிரிவு, தூசி படாத உடம்பு. லீவு நாளில் இப்போதும் ஏரியில் முங்கி, சிக்கிய வலையை அவிழ்ப்பவன். கையில் ஒரு தூக்குவாளி இருந்தது.

"பாய், ஒரு ஒத்தாச. குப்பண்ணனுக்கு இந்த வாட்டி ஊத வராது. நாலு எட்டு நடந்தாலே எளைக்குது. அத்தோட தொப்பிய மாட்டிக்கினு நான் ஊதிட்டுப் போயிடறேன். நீ கண்டுக்காத."

"மிஷின்காரங்க பாக்க மாட்டாங்களா?"

"அவங்க எங்க மூஞ்சியப் பாக்குறாங்கோ? தொப்பில கீற நம்பரத்தான் பாக்குறாங்கோ."

அது உண்மைதான். சென்னையிலிருந்து வரும் அந்தப் பிள்ளைகள் நம்பரைக் கூப்பிடுவார்கள், குழாயை நீட்டுவார்கள், "அடுத்து" என்பார்கள். நான் லிட்டரை எழுதுவேன். நடுவில் மனிதர் என்று ஒருவர் வருவது யாருக்கும் தேவைப்படவில்லை.

தூக்குவாளியில் இறால். உரித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, மஞ்சள் தூள் புரட்டி வைத்திருந்தது. வீட்டில் என் மனைவி நாஜியா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு உரிச்சதுங்க? ஒண்ணுல கூட நரம்பு இல்ல" என்றாள். யார் உரித்தது என்று நான் விசாரிக்கவில்லை. தொக்கு செய்யச் சொன்னேன்.

அந்த வருஷம் முனுசாமி குப்பனுக்கு ஊதினான். அதற்கடுத்த வருஷம் மண் பிரிவில் ஆறு பேருக்கு ஊதினான். ஆறு தொப்பி, ஆறு தடவை வரிசை. மற்ற ஐந்து பேருக்கும் அளவாக ஊதினான். குப்பனுக்கு மட்டும் கண் பிதுங்க ஊதினான். "டேய், கொஞ்சம் கொறைச்சு ஊதுடா" என்று நான் ஜாடை காட்டினால், "நம்ம ஆளுக்குக் கொறைச்சு ஊதுனா நல்லாவா இருக்கும் பாய்?" என்பான். நட்பை அவன் லிட்டரில் அளந்தான். இப்படியாகக் குப்பனின் மூச்சு நாலு எண்ணூறு, ஐந்து, ஐந்து இருநூறு என்று ஏறி, 2006இல் ஐந்து நானூறைத் தொட்டது. ஆலையிலேயே அதுதான் முதலிடம். அதே மாதத்தில் குப்பன் கேன்டீனுக்கும் மண் பிரிவுக்கும் நடுவே இரண்டு முறை உட்கார்ந்து உட்கார்ந்து போனார்.

நான் ஏதோ புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு குடும்பத்து அடுப்பு எரிகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இறாலும் நன்றாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

நவம்பரில் குப்பன் அச்சு உடைக்கும்போதே விழுந்தார். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் இரண்டு நுரையீரலிலும் கல்லுப்பைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. டாக்டர் சீட்டில் 'நியூமோகோனியோசிஸ்' என்று எழுதி, "இன்னொரு நாள் கூட அந்தத் தூசியில நிக்கக் கூடாது" என்றார். தூசியில்லாத இடம் ஆலையில் ஒன்றுதான் காலியாக இருந்தது, ஸ்டோர். அங்கே மாற்ற வேண்டுமென்றால் இது தொழிலால் வந்த நோய்தான் என்று வாரியத்தின் சான்று வேண்டும். சான்று வராவிட்டால் மறுபடி மண் பிரிவு.

குப்பனின் மனைவி ரத்னா கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார். "பாய், எங்கூட்டுக்காருக்கு எய்தப் படிக்கத் தெரியாது. நீ கூடப் போய்ட்டு வா. ஸ்டோர்ல ஒக்கார வெச்சாங்கன்னா பொயச்சிக்கும்" என்றார். சரி யக்கா என்றேன். எக்ஸ்ரேதான் இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருநின்றவூர் எல்லாம் தாண்டித் திருவள்ளூரில் இறங்கினால், மணவாள நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வாரியம். பெயர்ப் பலகை கடையை விட நீளம்: 'தொழில்நோய் முன்னொட்டு ஆய்வு மற்றும் நிர்ணய வாரியம்'. லிஃப்ட் கிடையாது. நாற்பத்தாறு படி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், குப்பன் ஒவ்வொரு படியிலும் நின்றார், எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

மேலே செண்பகம் என்கிற எழுத்தர் அம்மாள் குப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'விண்ணப்பதாரர் 46 படிகளைச் சொந்தக் காலில் ஏறி வந்தார்.'

"இத எதுக்குங்க எழுதறீங்க?"

"உடல்திறன் பத்தின முதல் குறிப்பு சார். ஏறி வந்துட்டாரு இல்ல?"

"ஏற முடியலன்னா?"

"ஆஜராகலன்னு எழுதுவோம்."

விண்ணப்பத்தில் பதினேழு இடங்கள். வேலை என்ன, எத்தனை வருஷம் என்பதெல்லாம் சிறிய கட்டம். ஒன்பதாவது மட்டும் அரைப் பக்கம்: 'நோயின் பெயரில் உள்ள முன்னொட்டு, அதன் மூலப் பொருள், அது பிறந்த மொழி ஆகியவற்றை விண்ணப்பதாரர் விளக்குக.' போன வருஷம் வரை இது இல்லையாம். நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்து எழுதி, பிரசவக் காய்ச்சலுக்குச் சான்று கேட்டுவிட்டாராம். பொருள் தெரியாமல் யாரும் இனி ஒரு நோயை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தலைவர் முடிவு செய்துவிட்டார்.

குப்பன் என் காதருகே வந்து, "இன்னா பாய் கேக்குறாங்கோ?" என்றார்.

"உங்க வியாதி பேருல முன்னாடி இருக்குற 'நியூமோ'வுக்கு அர்த்தம் கேக்குறாங்க அண்ணே."

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மண்ணு தட்டறேன்?"

'நுரையீரல்' என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது: 'இது பிற்காலப் பொருள். மூலப் பொருள் எழுதி, விண்ணப்பதாரர் நேரில் தரவும்.' நாற்பத்தாறு படி. 'காற்று' என்று எழுதினேன். 'மொழி குறிப்பிடப்படவில்லை, நேரில் வரவும்.' நாற்பத்தாறு படி. நான் மட்டும் ஏறிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். "நோய் உங்களுக்கா சார், அவருக்கா?" என்று செண்பகம் நியாயமாகத்தான் கேட்டார்.

மூன்றாவது தடவை குப்பனைக் கீழே பாத்திரக் கடையில் உட்கார வைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். தடி தடியான அகராதிகளைப் புரட்டி, கிரேக்க மொழி என்று கண்டுபிடித்தேன். மூச்சு, காற்று, உயிர் என்றெல்லாம் பொருள் போட்டிருந்தது. அதே பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பெயரின் பின்பாதி 'கோனிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் தூசி.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பெயரிலேயே குற்றவாளி இருக்கிறானே! நோயின் பெயரே தூசி என்று கத்துகிறதே! இதைச் சொன்னால் முடிந்தது என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். குப்பன் எனக்குப் பின்னால் அரைமணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்.

2007 பிப்ரவரியில் விசாரணை. வாரியத்தில் இரண்டு பேர். தலைவர் முனைவர் வரதன், சொற்பிறப்பு ஆராய்ச்சியில் பட்டம் வாங்கியவர், ஊசி போடும் டாக்டர் இல்லை. இன்னொருவர் டாக்டர் பிரேமா, அவர் நிஜ டாக்டர், அதனால் அவருக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி தாவீது சார் பதிவேடுகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். குப்பனுக்கு ஸ்டூல். நான் நின்றேன்.

வரதன் எழுந்து, மேஜையில் விரல்களை ஊன்றிக்கொண்டார். ஆறே பேர் இருந்த அறையில் மாநாட்டுக்குப் பேசுகிற குரலில் பேசினார்.

"நோய்கள் பல்லாயிரம்! அவற்றையெல்லாம் ஆராய நமக்கு ஆளும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் முன்னொட்டுகளோ ஐம்பதுதான். ஆகவே இவ்வாரியம் தன் எல்லையை அறிந்து, முன்னொட்டோடு நிறுத்திக்கொள்கிறது. நோயாளிகள் வருவார்கள், போவார்கள். பெரும்பாலும் போவார்கள். சொல் நிற்கும். நாம் சொல்லின் பக்கம் நிற்கிறோம்!"

நான் கையைத் தூக்கினேன். "சார், அந்தப் பேரோட பின்பாதிக்குத் தூசின்னு அர்த்தம் சார். நூலகத்துல பாத்தேன்."

வரதன் என்னை அன்போடு பார்த்தார். "உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால் பின்பாதி எங்கள் அதிகார வரம்பில் வராது. பின்னொட்டுகளுக்குத் தனி வாரியம் அமைக்க வேண்டுமென்று நானே மூன்று முறை எழுதியிருக்கிறேன். அமைந்ததும் நீங்கள் அங்கே விண்ணப்பிக்கலாம்."

பிறகு முன்பாதிக்கு வந்தார். முக்கால் மணி நேரம். மூச்சு என்றார், காற்று என்றார், உயிர் என்றார். "இன்னும் ஆழமாகப் போனால்," என்று குரலைத் தணித்தார், "கிரேக்கர்கள் நுரையீரலுக்கு வைத்த பெயரின் பழைய வடிவம் வேறு. அதன் வேரைத் தோண்டினால் 'மிதப்பது' என்று பொருள் வரும் என்பார்கள் சில அறிஞர்கள். ஏன்? ஆட்டை அறுத்து உறுப்புகளைத் தண்ணீரில் போட்டால் ஈரல் மூழ்கும், இதயம் மூழ்கும், நுரையீரல் மட்டும் மிதக்கும். உள்ளே காற்று இருக்கிறதல்லவா! பிற்பாடுதான் மூச்சு என்ற சொல்லின் சாயல் அதன் மேல் படிந்தது. என்ன அழகு பாருங்கள்!"

அதுவரை தலையைக் குனிந்திருந்த குப்பன் நிமிர்ந்தார். மீன்பிடிக்கிற குலம், எது மிதக்கும் எது மூழ்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்த அறையில் அவருக்குப் புரிந்த ஒரே பேச்சும் அதுதான்.

"சார்," என்றார். ஒரு மூச்சு எடுத்தார். "என்னுது மெதக்குமா சார்?"

டாக்டர் பிரேமா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார்.

"மிகச் சிறந்த கேள்வி!" என்றார் வரதன். "அம்மா செண்பகம், இதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். ஒரு சாமானியத் தொழிலாளியிடம் சொற்பிறப்புச் சிந்தனையை விதைத்திருக்கிறோம்." செண்பகம் ஏற்றினார். பதில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

தாவீது சார் பதிவேட்டைத் திறந்து வருஷா வருஷம் படித்தார். மூன்று இருநூறு. நாலு எண்ணூறு. ஐந்து. ஐந்து இருநூறு. ஐந்து நானூறு. வரதன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"முன்னொட்டின் பொருள் மூச்சு. இவருடைய மூச்சோ ஆண்டுதோறும் கூடியிருக்கிறது. மூச்சு கூடுகிற மனிதருக்கு மூச்சில் தொடங்கும் நோய் எப்படி வரும்? தர்க்கம் இடம் தரவில்லையே!"

"சார், இந்தப் படத்தைப் பாருங்க," என்றார் டாக்டர் பிரேமா. "இந்த நுரையீரலால அஞ்சு நானூறு ஊதவே முடியாது. எங்கயோ தப்பு நடந்திருக்கு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இந்த ரீடிங் எல்லாம் எழுதினது நீங்கதானே? ஊதினது இவர்தானா?"

கேட்டாரே! நேராக, என் கண்ணைப் பார்த்து, எந்தச் சுற்றும் இல்லாமல் கேட்டார். 'இல்லை மேடம்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். குப்பனுக்கு ஸ்டோர் கிடைக்கும். முனுசாமியும் மற்ற ஐந்து பேரும் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். நானும் நிற்பேன்.

குப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். ஊர்க்காரன் முனுசாமிக்காகத்தான் ஆட்டினார், எனக்காக இல்லை. ஆனால் அந்தத் தலையாட்டலை நான்தான் தாவிப் பிடித்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"ஆமா மேடம். இவர்தான் ஊதினாரு" என்றேன்.

டாக்டர் பிரேமா வரதன் பக்கம் திரும்பினார். இங்கேயே இப்போதே ஊதச் சொல்லலாமே என்றார். வாரியத்தின் மிஷின் இரண்டு வருஷமாகப் பழுதில் இருப்பதாகச் செண்பகம் தெரிவித்தார். பிறகு விண்ணப்பத்தை நிராகரித்த தாளில் டாக்டர் பிரேமாவும் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து சின்னதாக, ஓரமாக இருந்தது.

இறங்கும்போது குப்பன், "சொல்லாம வுட்டியே, நல்லதாப் போச்சு பாய்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் நான் அவரைத் தாங்குவதாக நினைத்திருப்பார்கள்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வரதன் விடவில்லை. வார்ப்பு மண்ணில் பத்து வருஷம் நின்று மூச்சைப் பெருக்கிக்கொண்ட மனிதர் அவருக்குக் கிடைத்த பொக்கிஷம். மார்ச் மாதம் எங்கள் ஆலையின் பாதுகாப்பு தின விழாவில் குப்பனுக்குப் பாராட்டு என்று கடிதம் வந்தது. தாவீது சாருக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல், மைக், முந்நூறு நாற்காலி. 'சிறந்த மூச்சாளர் 2007' என்று பேனர். பேனரில் குப்பனின் படம் இல்லை, 114 என்று போட்ட தொப்பியின் படம் இருந்தது.

மேடைக்கு ஐந்து படி. முனுசாமி கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டான். சால்வையைப் போர்த்தியதும் அதன் கனத்துக்கே குப்பன் முன்னால் சாய்ந்தார். "பணிவைப் பாருங்கள்!" என்றார் வரதன் மைக்கில்.

"தோழர்களே! தூசி, தூசி என்று சிலர் புலம்புகிறார்கள். இந்த மனிதரை ஆய்ந்த பிறகு எனக்கே ஓர் ஐயம். தூசி இல்லாத இடத்தில் வேலை செய்யும் என்னால் இரண்டரை லிட்டர்தான் ஊத முடிகிறது! நான் என் வீட்டு மாடி ஏறவே சிரமப்படுகிறேன். வாரியத்துக்கு வாரம் ஒரு முறைதான் போகிறேன். ஏனெனில் அங்கே நாற்பத்தாறு படி!" முதல் வரிசை சிரித்துக் கைதட்டியது. "இவர் அந்தப் படிகளை நான்கு முறை ஏறியிருக்கிறார். எங்களிடம் குறிப்பு இருக்கிறது!"

பிறகு வாரியத்தின் அன்பளிப்பாக ஒரு புது மிஷினைத் திறந்து வைத்தார்கள். தாவீது சார் குழாயைக் குப்பனிடம் நீட்டி, "நம்ம சாம்பியனே தொடங்கி வைப்பார்" என்றார். பதிவேடும் பேனாவுமாக மேடையில் நான் நின்றேன்.

குப்பன் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவருக்கு இருமல் வந்தது. குனிந்து இருமினார், நிமிர முடியவில்லை, சால்வை நழுவித் தரையில் விழுந்தது. மைக் அந்த இருமலைப் பந்தல் முழுக்கப் பரப்பியது.

அப்போது முனுசாமி மேடை ஏறினான். யோசித்து ஏறியதாகத் தெரியவில்லை. நாலு வருஷப் பழக்கம். குப்பனின் தலையிலிருந்து 114ஐக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டான், குழாயை வாயில் வைத்தான், முந்நூறு பேர் பார்க்க, கண் பிதுங்க ஊதினான்.

சரி, அம்பலம் ஆகிவிட்டது, இனி நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு விடுதலையே வந்தது.

மிஷின் ஐந்து அறுநூறு என்று காட்டியது. வரதன் எட்டிப் பார்த்தார். மிஷினைத்தான் பார்த்தார். "நூற்றுப் பதினாலு! ஐந்து அறுநூறு! தன் சாதனையைத் தானே முறியடித்துவிட்டார்!" என்று மைக்கில் கூவினார். கைதட்டல். தாவீது சார் கைதட்டினார். தொழிலாளிகள் ஒரு நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு அவர்களும் தட்டினார்கள், அவர்களில் ஐந்து பேர் ரொம்பவே பலமாகத் தட்டினார்கள். போட்டோக்காரர் முனுசாமியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தொப்பியை வாங்கிக் குப்பனுக்கு மாட்டிப் படம் எடுத்தார்.

நான் எழுதினேன். 114, குப்பன், ஐந்து லிட்டர் அறுநூறு. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும், தூ!

திங்கட்கிழமை குப்பன் மண் பிரிவுக்குப் போனார். மேலும் பதினாறு மாதம் தட்டினார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார், பாராட்டு பெற்ற தொழிலாளி என்பதால் நாற்காலி கொடுத்திருந்தார்கள். 2008 மழைக்காலத்தில் ஒரு காலை நேரத்தில், குப்பத்தில், உட்கார்ந்தபடியே போய்விட்டார். படுத்தால் மூச்சு வராது என்று மூன்று மாதமாகப் படுக்கவே இல்லையாம்.

அதே வருஷக் கடைசியில் ஆலை காண்ட்ராக்டரை மாற்றியது. பழைய ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். முனுசாமியும் போனான், அந்த ஐந்து பேரும் போனார்கள். யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நான் வாயை மூடினேனோ அவர்களில் ஒருவர் கூட மிஞ்சவில்லை. எனக்கு மட்டும் திருநின்றவூரில் ஒரு மருந்துக் கடையில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்த பிறகுதான் எனக்கு மனசாட்சி வந்தது. வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் நான்கு பக்கம் எழுதினேன். ஊதியது குப்பன் அல்ல, அவர் செத்தது தூசியால்தான், இப்போதாவது திருத்துங்கள், அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைச் சேருங்கள் என்றேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. செண்பகத்தின் கையெழுத்து, தெளிவாக, அழகாக:

'தங்கள் கடிதம் பெறப்பட்டது. ஊதல் பதிவில் திருத்தம் செய்ய, பதிவுக்கு உரியவர் நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில் மீண்டும் ஊதிக் காட்ட வேண்டும் என்பது விதி. எனவே எண் 114 குப்பன் அவர்களை வரும் 12ஆம் தேதி முற்பகல் பதினொரு மணிக்கு இரண்டாம் மாடிக்கு அனுப்பிவைக்கவும். வரத் தவறினால் ஆஜராகவில்லை எனக் கொள்ளப்படும்.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ரத்னா வாசலில் ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். வியாபாரிக்கு உரித்துக் கொடுக்கிறாராம். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"யக்கா, நாலு வருசமா ஊதுனது குப்பண்ணன் இல்ல, முனுசாமி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனேன். அன்னைக்கு அந்த டாக்டரம்மா கேட்டப்பவும்..."

"தெரியும் பாய்" என்றார் அவர், தலை நிமிராமல். "முனுசாமி கைல குடுத்தனுப்புன எறாலு நான் உரிச்சதுதான். நீ நரம்பு இருந்தா துன்ன மாட்டியோன்னு ஒண்ணொண்ணாப் பாத்து எடுப்பேன். எங்கூட்டுக்காரு கூட கூவும், அந்தாளுக்கு இத்தினி செய்யணுமான்னு. செஞ்சாத்தான வேலை நிக்கும்னு சொல்வேன்."

மடித்து வைத்திருந்த கடிதம் கையிலேயே நனைந்தது. அவர் இன்னும் நாலைந்து இறாலை உரித்தார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வெட்கப்படுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், என் தம்பி தீனா கீறான் இல்ல, அவன அதே கம்பெனில புதுசா எடுத்துக்கினாங்கோ. மண்ணு பிரிவு. இப்பவே ராவெல்லாம் இருமறான். அக்டோபர்ல ஊதச் சொல்வாங்களாமே? ஒன் எடத்துல இப்ப யாரு ஒக்காந்துக்கினு கீறாரு, ஒனக்குப் பழக்கமா?"

பழக்கம்தான். என்னோடு படித்தவன். தெரியும் என்று தலையாட்டினேன்.

ரத்னா உள்ளே போய் ஒரு தூக்குவாளியோடு வந்தார். உரித்ததை இரண்டு கையாலும் அள்ளி அதில் போட்டார், மஞ்சள் தூள் தூவினார், மூடியை அழுத்தி மூடி என்னிடம் நீட்டினார்.

"இத அவருக்குக் குடுத்துடு பாய். நரம்பெல்லாம் பாத்து எடுத்துக்கீறேன்."

நான் வாங்கிக்கொண்டேன்.